கையும் கருவியும் – 9: பொறி பறக்கக் கூடாத கத்தி

லோத்குண்டாவில் எங்கள் தெருமுனையைத் தாண்டினால் ராஜீவ் ரஹதாரி. கரீம்நகர் பேருந்துகள் வடக்கே போகும் சாலை அது. கரீம்நகருக்கு வடமேற்கே, நிஜாமாபாத் மாவட்டத்தில் கோனசமுத்திரம் என்றோர் ஊர். பழைய சவரக்கத்தியைப் புதுப்பிப்பது பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த ஊர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அங்கே மண்மூசையில் இரும்பை உருக்கி, மெல்ல ஆறவிட்டு எஃகு எடுத்தார்கள். 1820களில் அதை நேரில் பார்த்து எழுதியவர் நில அளவைப் பணியில் இருந்த மருத்துவர் ஹென்றி வாய்சி. பாரசீக வணிகர்கள் அந்த எஃகை வாங்க அவ்வூர்வரை வந்தார்கள். தென்னிந்தியாவில் பல இடங்களில் உருவான இந்த வகை எஃகு, ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் லண்டனுக்கும் போனது. அங்கே கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே விரும்புவதாகத் தன் விளம்பர அட்டையில் அச்சிட்டார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்து, புதிய எஃகுக் கலவைகள் செய்து, 1820இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கலவைகளில் சவரக்கத்திகளும் செய்யப்பட்டன.

மயிரை இழுக்காமல் அறுக்க, வாய் மிக மெல்லியதாகவும் மிகக் கடினமாகவும் இருக்க வேண்டும். சவரக்கத்தி எஃகில் கார்பன் ஏறத்தாழ 1 சதவீதம். சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பதப்படுத்துவார்கள். அந்தப் பதம்தான் கத்தியின் உயிர். மோட்டார் சாணையில் வைத்தால் மெல்லிய வாய் கண்ணிமைக்கும் நேரத்தில் 300 டிகிரியை எட்டும், நீலம் படரும். நீலம் படர்ந்த இடம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. சைக்கிளில் வரும் சாணைக்காரர் அரிவாள்மணைக்கு உற்றவர். இந்தக் கத்தியை அவரிடமும் கொடுக்காதீர்கள்.

ஜுமேராத் பஜாரில் பழைய கத்தி கிடைத்தால், பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் வாயைப் பாருங்கள். முதுகில் துரு இருந்தால் பரவாயில்லை. வாயருகே குழி விழுந்ததையும் மயிரிழை விரிசல் கண்டதையும் விட்டுவிடுங்கள். செல்லுலாய்டு பிடி நாளாக ஆகச் சிதைந்து அமில வாயு விடும். அது எஃகை அரிக்கும். அந்தப் பிடியை மாற்றிவிடுவது நல்லது.

வாங்கியதை முதலில் சோப்பு நீரில் கழுவிக் கிருமிநாசினியில் ஊறவையுங்கள். துருவை எண்ணெய் தொட்ட நைஸ் எமரித் தாளால், கையாலேயே தேயுங்கள். கரும்புள்ளிகள் மிஞ்சினால் மிஞ்சட்டும். அவற்றைப் போக்க எஃகைத் தேய்த்துத் தீர்ப்பது எனக்கு ஒப்பாத வேலை.

பிறகு நீர்க்கல். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி கத்தியைக் கிடத்துங்கள். முதுகின் தடிப்பே கோணத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் 16, 17 டிகிரி. செய்தவர் அளவைக் கத்திக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! வாயை முன்னே விட்டுத் தள்ளுங்கள்; அழுத்த வேண்டாம். 1000 எண் கல்லில் இருபுறச் சரிவுகளும் வாய் நெடுகச் சந்திக்கும்வரை பொறுமை வேண்டும். அங்கே அவசரப்பட்டால் 4000, 8000, 12000 எண் கற்கள் எதுவும் கைகொடுக்காது. கடைசியில் தோல்வாரில் முதுகை முன்னே விட்டு இழுங்கள்.

மழிக்கும்போது தோலோடு 30 டிகிரிச் சாய்வு போதும். கத்தி ஒருவருக்கு மட்டுமே. ரத்தத்தால் பரவும் நோய்களுக்கு அஞ்சித்தான் சலூன்கள் மாற்றும் பிளேடுக்கு மாறின. துடைத்து உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள்.

தோல்வாரை நாமே தைப்பது எப்படி என்பது அடுத்த வாரம்.