மரத்தின் விரிவும் சுருக்கமும்

மரத்தின் விரிவும் சுருக்கமும் என்பது, வெட்டி அறுத்த மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப அளவில் கூடுவதையும் குறைவதையும் குறிக்கும். மழைக்காலத்தில் நிலையோடு இறுகிக்கொள்ளும் கதவு கோடையில் தளர்வாக மூடுவதற்கு இதுவே காரணமாகும். உலோகங்களைப் போல மரமும் வெப்பத்தினாலேயே விரிவதாகப் பலர் கருதுவதுண்டு. உண்மையில், அன்றாடப் பயன்பாட்டில் மரத்தின் அளவை மாற்றுவது பெரும்பாலும் ஈரமே. வெப்பத்தின் நேரடிப் பங்கு மிகவும் சிறியது. இவ்விரண்டையும் பிரித்து அளப்பதே இத்துறையின் முதன்மையான சிக்கலாகும்.

ஈரம் செயற்படும் விதம்

மரத்தில் நீர் இரண்டு நிலைகளில் உள்ளது. உயிரணுக்களின் உட்குழிகளில் தேங்கி நிற்பது கட்டற்ற நீர். உயிரணுச் சுவரின் செலுலோசு இழைகளுக்கு இடையே பிணைந்திருப்பது பிணைநீர். பச்சை மரம் உலரும்போது முதலில் கட்டற்ற நீர் வெளியேறுகிறது. இக்கட்டத்தில் நிறை குறையுமே தவிர அளவு குறையாது. உட்குழிகள் வெறுமையாகி, சுவர்கள் மட்டும் நீரால் நிறைந்திருக்கும் நிலை நார்ச் செறிவுப் புள்ளி எனப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆரி டீமன் 1906 ஆம் ஆண்டில் இக்கருத்தை வரையறுத்தார். பெரும்பாலான மரங்களில் இது ஏறத்தாழ 30% ஈர அளவில் அமைகிறது. இதற்குக் கீழே பிணைநீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது.

ஈர அளவு, முற்றிலும் உலர்ந்த மரத்தின் நிறையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 112 கிராம் நிறையுள்ள துண்டொன்றை 103 பாகை செல்சியசு வெப்பமுள்ள அடுப்பில், நிறை மேலும் குறையாத நிலை வரும்வரை வைத்தபின் அது 100 கிராம் இருக்குமாயின், அதன் ஈர அளவு 12% ஆகும். இவ்வாறு கணக்கிடுவதால் பச்சை மரத்தின் ஈர அளவு சில வேளைகளில் 100% ஐயும் தாண்டும், இது பிழையன்று.

ஒரே காற்றில் நீண்ட நாள் இருக்கும் மரம் ஒரு நிலையான ஈர அளவை அடைகிறது. 21 பாகை வெப்பநிலையில், காற்றின் சார்பு ஈரப்பதன் 30% எனில் மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 6% ஆகவும், 65% எனில் 12% ஆகவும், 80% எனில் 16% ஆகவும் இருக்கும்.

மூன்று திசைகள்

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் தொடுகோட்டுத் திசையில் சுருக்கம் மிகுதி. நடுவிலிருந்து பட்டை நோக்கிய ஆரைத் திசையில் அதில் ஏறத்தாழப் பாதி. நார் ஓடும் நீளத் திசையில் மிகக் குறைவு. பச்சை நிலையிலிருந்து முழுமையாக உலரும் வரை தேக்கு ஆரைத் திசையில் சுமார் 2.5 விழுக்காடும், தொடுகோட்டுத் திசையில் 5.8 விழுக்காடும் சுருங்குகிறது. அமெரிக்கச் செவ்வோக்கு மரத்தில் இவை முறையே 4.0, 8.6 விழுக்காடுகள். நீளத் திசையில் பெரும்பாலான மரங்களுக்கு 0.1 முதல் 0.2 விழுக்காடே. தேக்கு தச்சர்களிடம் பெற்றிருக்கும் மதிப்புக்கு, அது அதிகம் அசையாத மரம் என்பதும் ஒரு காரணம்.

அடிமரத்திலிருந்து வட்டமாக வெட்டிய தட்டு நடுவை நோக்கிப் பிளப்பதும், வட்ட முளை காய்ந்தபின் நீள்வட்டமாவதும், பலகை பட்டைப் பக்கம் குழிந்து வளைவதும் ஆரை, தொடுகோட்டுத் திசைகளுக்கு இடையிலான இந்த வேறுபாட்டினாலேயே நிகழ்கின்றன.

ஈர அசைவை அளத்தல்

சோதனைத் துண்டை, ஆண்டு வளையங்கள் அதன் ஒரு பக்கத்துக்கு இணையாக அமையும்படி வெட்டுதல் வேண்டும். வளையங்கள் சாய்வாக இருப்பின் கிடைக்கும் எண் ஆரைக்கும் உரியதாகாது, தொடுகோட்டுக்கும் உரியதாகாது. அளக்கும் இடங்களைக் குறியிட்டு, ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளில் திருகு அளவியால் அளப்பர்.

காற்றின் ஈரப்பதனை நிலையாக வைப்பதற்கு எளிய வழியொன்று உண்டு. மூடிய கலத்தில் உப்பின் நிறைவுற்ற கரைசலை வைத்தால், மேலுள்ள காற்று ஒரு குறிப்பிட்ட சார்பு ஈரப்பதனில் நிற்கும். 25 பாகையில் மக்னீசியம் குளோரைடு சுமார் 33 விழுக்காட்டையும், சமையல் உப்பு 75 விழுக்காட்டையும், பொட்டாசியம் சல்பேட்டு 97 விழுக்காட்டையும் தரும். பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்து பார்க்க இயலும். மரம் கரைசலைத் தொடாதிருக்க வேண்டும் என்பதே கட்டுப்பாடு.

இதில் அளவியைப் போலவே தராசும் இன்றியமையாதது. அடுத்தடுத்த நாட்களில் நிறை மாறாமல் இருந்தால்தான் மரம் சமநிலையை அடைந்துள்ளது எனலாம். மெல்லிய சீவலுக்குச் சில நாட்கள் போதும். தடித்த துண்டுக்குப் பல வாரங்கள் தேவை. மேலும், ஈரமான நிலையிலிருந்து உலர்ந்து 65% காற்றுக்கு வந்த மரம், உலர்ந்த நிலையிலிருந்து அதே காற்றுக்கு வந்த மரத்தைவிடச் சற்றுக் கூடுதலான நீரை வைத்திருக்கும். ஆகவே துண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெப்ப விரிவை அளத்தல்

சாதாரண மரத்துண்டை அடுப்பில் வைத்து அளந்தால் முதலில் சிறிது விரிந்து, பின்னர் தொடக்க அளவைவிடவும் சுருங்குவதைக் காணலாம். வெப்பத்தால் மரம் சுருங்குகிறது என்ற தவறான முடிவு இவ்வாறே எழுகிறது. உண்மையில் அங்கு நடப்பது உலர்தலாகும். சார்பு ஈரப்பதனை மாறாமல் வைத்தாலும் இச்சிக்கல் தீராது. அதே 65% காற்றில், 50 பாகையில் மரம் தாங்கும் நீர் 21 பாகையில் தாங்குவதைவிட ஒரு விழுக்காட்டிற்கும் மேல் குறைவு. எனவே துண்டை முதலில் முற்றிலும் உலர்த்தி, ஈரம் புகாத சூழலில் வைத்தே வெப்ப விரிவை அளப்பர்.

அவ்வாறு அளக்கும்போது நார்த் திசையில் ஒரு பாகைக்கு ஒரு மீட்டரில் 3 முதல் 4.5 மைக்ரோமீட்டர் வரை விரிவு கிடைக்கிறது. குறுக்குத் திசைகளில் இது ஐந்து முதல் பத்து மடங்கு. எஃகு 11 அல்லது 12 மைக்ரோமீட்டரும், அலுமினியம் 23 மைக்ரோமீட்டரும் விரிவன. ஆதலால் அலுமினியச் சட்டத்தில் பொருத்திய அளவியால் நார்த் திசை விரிவை அளக்க முற்பட்டால், மரத்தைவிடச் சட்டமே பல மடங்கு விரிந்து அளவைக் கெடுத்துவிடும். உருக்கிய குவார்ட்சு அல்லது இன்வார் கோல்களைப் பயன்படுத்துவது இதனாலேயே. பழைய ஊசல் கடிகாரங்களில் நன்கு மெருகிட்ட மரத்தண்டுகளைப் பொருத்தியதும் நார்த் திசையின் இந்தச் சிறிய விரிவைக் கருதியே.

ஒப்பீடு

200 மில்லிமீட்டர் அகலமுள்ள, அகலம் தொடுகோட்டுத் திசையில் அமைந்த தேக்குப் பலகை ஒன்றைக் கருதுக. அறையின் சார்பு ஈரப்பதன் 65 இலிருந்து 40 விழுக்காட்டுக்கு இறங்கினால், ஈர அளவு 12 இலிருந்து ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குக் குறையும்; பலகை சுமார் 1.5 மில்லிமீட்டர் சுருங்கும். வெப்பநிலை 20 பாகை மாறுவதால் மட்டும் ஏற்படும் மாற்றம் 0.12 மில்லிமீட்டர் அளவினதே. பத்துப் பலகைகள் கொண்ட தளத்தில் ஈரத்தால் வரும் மாற்றம் 15 மில்லிமீட்டர் ஆகிவிடும். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் ஒட்டாமல் தளர்வாக விடுவது இந்த அசைவுக்கு இடம் கொடுக்கவே.

மோனா லிசா

லியொனார்டோ டா வின்சியின் மோனா லிசா ஓவியம் துணியில் அன்றி, சுமார் 13 மில்லிமீட்டர் தடிப்புள்ள பொப்லார் மரப் பலகையில் வரையப்பட்டது. முன்புறம் வண்ணப் பூச்சு ஈரத்தைத் தடுக்கிறது. பின்புறம் அத்தகைய தடை இல்லை. இதனால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஈரத்தை ஏற்பதுமில்லை, இழப்பதுமில்லை. பலகை பார்ப்பவரை நோக்கிச் சற்றுக் குவிந்துள்ளது. மேல் விளிம்பிலிருந்து ஒரு பழைய வெடிப்பும் இறங்குகிறது.

இங்கு துண்டு வெட்டி ஆராய்வதற்கு வழியில்லை. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தின் வேண்டுகோளின்படி 2004 முதல் பிரெஞ்சு, இத்தாலிய மர அறிவியலாளர்கள், ஓவியத்தின் பின்னால் சட்டத்துக்குள் உணரிகளைப் பொருத்தி, பலகையின் வளைவையும் சட்டம் அதன்மீது செலுத்தும் விசையையும் தொடர்ச்சியாக அளந்தனர். ஓவியம் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் சார்பு ஈரப்பதன் 50 விழுக்காட்டை ஒட்டிப் பேணப்படுகிறது. அவ்வெல்லைக்குள் ஏற்படும் சிறு மாற்றங்களுக்குப் பலகை எவ்வளவு வளைகிறது, வெடிப்பு மேலும் நீளும் வாய்ப்பு உண்டா என்பவற்றை மதிப்பிட இவ்வளவீடுகள் பயன்பட்டன.