கன்றுக்குட்டியின் வாயில் கட்டி வந்தால்

மாட்டுப் பட்டியில் ஒரு கிடேரிக் கன்று நின்றால், இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் பால் பணம் வரும் என்று அந்தக் குடும்பம் கணக்குப் போட்டு வைத்திருக்கும். அதன் வாயில் சதை தொங்கினால் மனசு உடைந்துதான் போகும். "அது புற்றுநோய், வித்துப் போடுங்க" என்று சொல்லவும் ஆள் வந்துவிடும். அப்படி ஒரு நல்ல கன்று பாதி விலைக்கு இறைச்சிக்குப் போனதை நாம் பார்த்திருக்கிறோம்.

2 வயதுக்குள் வரும் இப்படியான சதை பல நேரம் வெறும் மருதான். பூக்கோவா மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஒரு வைரஸ் கிருமியால் வருவது. சிராய்ப்பு வழியாக ஒரு கன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். ஆகவே மூக்கணாங்கயிறு, வாளியைப் பொதுவாகப் பாவிக்க வேண்டாம். சின்ன மரு சில மாதத்தில் தானாகவே உதிரும். பெரிதாகி, ரத்தம் கசிந்து, பாலூட்டவோ புல் மேயவோ விடாவிட்டால்தான் ஆபரேஷன் தேவை. தாடையில் எலும்பு போலக் கெட்டியாக வளருவது வேறு ஜாதி. அது உதிராது, பல்லையும் ஆட்டிவிடும். சின்னதாக இருக்கும்போதே காட்டினால் வெட்டி எடுப்பது சுலபம்.

பிளேடால் அறுப்பது, சூடு போடுவது வேண்டவே வேண்டாம். வாயில் ரத்த ஓட்டம் அதிகம். வடிகிற ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போனால் கன்று செத்துப் போகும். மிருக வைத்தியர் மயக்க ஊசியும் மரப்பு ஊசியும் போட்டு, எச்சிலும் ரத்தமும் வெளியே வடியும்படி தலையைச் சாய்த்து வைத்துத்தான் அடியோடு வெட்டுவார். பிறகு சுட்டோ தையல் போட்டோ ரத்தத்தை நிறுத்துவார். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்காமலிருக்க முன்கூட்டியே பட்டினி போடச் சொல்வார். எத்தனை மணி நேரம் என்று அவரிடமே கேளுங்கள். பால் மட்டும் குடிக்கிற குட்டியை நெடுநேரம் பட்டினி போடக் கூடாது.

இன்னொன்று. எச்சில் ஒழுக்குகிற மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விட்டுப் பார்க்காதீர்கள். விசர் நாய் கடித்த மாடும் அப்படித்தான் ஒழுக்கும். கை பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதலில் உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா மருத்துவமனை இருக்கிறது. வெட்டிய பிறகு சில நாளைக்கு முற்றின கினிப்புல் போடாமல் இளம்புல்லை நறுக்கிப் போடுங்கள், புண்ணாக்கை ஊற வைத்துக் கொடுங்கள். சொன்ன ஊசியைப் பாதியில் விடாதீர்கள். சிலதுக்குத் திரும்பவும் முளைக்கும், ஆகவே மாதம் ஒருதரம் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.