கோழிக்குஞ்சின் குடலும் அதில் உறையும் கிருமிகளும்

தாம்பரம், முடிச்சூர், வண்டலூர் முதலிய ஊர்களில் புறக்கடைக் கோழி வளர்க்கும் குடியானவர்கள், பொரிப்பான் இயந்திரத்தில் பொரித்த குஞ்சுகளை வாங்குவதுண்டு. தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் பேதமில்லை. பேதமெல்லாம் குடலுக்குள்ளே இருக்கிறது.

முட்டையினின்று வெளிவரும் குஞ்சின் குடல் ஏறக்குறையத் தரிசு நிலம் போன்றது. தாயோடு திரியும் குஞ்சு, அதன் எச்சத்தைக் கொத்தியும் குப்பையைக் கிளறியும், தீங்கற்ற பலவகைப் பாக்டீரியாக்களை விரைவிற் பெற்றுவிடுகிறது. இயந்திரக் குஞ்சுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அச்சமயம் ஸால்மொனெல்லா என்னும் கிருமி தீனியிலோ தண்ணீரிலோ சிறிதளவே சென்றாலும் எளிதிற் குடியேறிவிடும்.

பின்லாந்து தேசத்து நிபுணர்களான நூர்மி, ரன்டலா என்போர் 1973-ஆம் ஆண்டில் இதைப்பற்றிய தங்கள் சோதனையை வெளியிட்டனர். முதிர்ந்த சேவல்களின் குடற்பொருளை இளங்குஞ்சுகளுக்குப் புகட்டியபின் ஸால்மொனெல்லாவைக் கொடுத்தபோது, பெரும்பாலானவற்றில் அது நிலைகொள்ளவில்லை. முன்னரே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உணவைத் தாமே உண்டுவிடுகின்றன. குடற்சுவரில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அவை உண்டாக்கும் அமிலங்களும் புதுக்கிருமியை வளரவொட்டாமல் தடுக்கின்றன.

ஆயினும் பகைக்கிருமி உபாயமற்றதன்று. அது குடற்சுவரில் அழற்சியை மூட்டுகிறது. அவ்வழற்சியில் டெட்ராதயோனேட் என்னும் கந்தகப் பொருள் பிறக்கிறது. பிராணவாயுவுக்குப் பதிலாக அதைக்கொண்டு சுவாசிக்க ஸால்மொனெல்லாவுக்கு இயலும். குடலில் உறையும் மற்றப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இயலாது. தான் வைத்த தீயில் தானே குளிர்காய்கிறது என்னலாம். சுண்டெலிகளைக்கொண்டு 2010-இல் இது வெளிப்பட்டது.

நோயில்லாத குஞ்சுகளுக்கு முன்காப்பென்று ஆன்டிபயாடிக் மருந்தைத் தண்ணீரிற் கலந்து வைப்பது, காவலாளைக் கொன்று கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். 1954-இல் அமெரிக்காவில் வெளியான சோதனையொன்றில், சுண்டெலியைத் தொற்றச் சுமார் 1,00,000 ஸால்மொனெல்லாக்கள் தேவைப்பட்டன; ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தபின் பத்துக்கும் குறைந்தவையே போதுமாயின. உணவுக்கென வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் மருந்தை விற்பதை இந்திய அரசாங்கம் 2019 ஜூலையில் தடைசெய்ததைக் கிராம அதிகாரிகள் எடுத்துச்சொல்வது நலம்.

இதைக் கேட்டு, அயலார் பண்ணைக் குப்பையை அள்ளிவந்து குஞ்சுக்கூட்டில் இடுதல் தகாது. ரத்தக்கழிச்சல் நோயின் வித்தும் ஸால்மொனெல்லாவும் அதனுடன் வரக்கூடும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. அதற்குத் தடுப்பூசியே வேண்டும். குஞ்சுகள் கழிந்து மடியுமாயின், இறந்த குஞ்சுடன் கால்நடை மருத்துவரை உடனே அணுக வேண்டும். பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கோழி வளர்ப்போர் யோசனை கேட்கலாம்.