எட்டாத பறவையும் எட்டிப் பிடிக்கும் கண்ணாடியும்!
டெலஸ்கோப்பா? நீண்ட லென்சா? எது நல்லது?

ஒரு சின்னஞ்சிறு பறவை. எடை சுமார் 130 கிராம்தான்.

ஆனால் அது பறந்த தூரம் எவ்வளவு தெரியுமா? இங்கிருந்து நிலாவுக்குப் போய், திரும்பும் வழியில் பாதி தூரம் வரும் அளவு!

அதனால் அதற்கு "நிலாப் பறவை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அது உள்ளான் இனத்தைச் சேர்ந்தது. "ரெட் நாட்" என்பது அந்த வகையின் பெயர். கோடை காலத்தில் மார்பு செங்கல் நிறமாக மாறும்.

1995-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், தென் அமெரிக்காவின் தென்கோடியில் அர்ஜென்டினா நாட்டில் அது பிடிபட்டது. காலில் வளையம் மாட்டி, பறக்க விட்டார்கள். பின்னர் மறுபடியும் பிடிபட்டபோது, காலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டிக் கொடி கட்டினார்கள். கொடியில் "பி95" என்று எழுதியிருந்தது.

ஆண்டுதோறும் அது தென்கோடியில் இருந்து கனடாவின் வடகோடிக்குப் பறந்தது. பிறகு திரும்பி வந்தது. போக வர சுமார் 30 ஆயிரம் கிலோமீட்டர்! 2014-ம் ஆண்டு மே மாதத்திலும் அது உயிரோடு காணப்பட்டது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

காலில் இருந்த அந்த மூன்று எழுத்துகளை, யாரோ தூரத்தில் இருந்து படித்தார்கள். படம் பிடித்தார்கள். அதனால் தெரிந்தது.

கிட்டே போகக் கூடாது

"கிட்டே போய்ப் பார்த்தால் என்ன?" என்று கேட்கலாம்.

போகக் கூடாது. காரணம் இருக்கிறது.

இந்தப் பறவைகள் வழியில் அமெரிக்காவின் டெலவேர் வளைகுடாவில் இறங்குகின்றன. குதிரைலாட நண்டுகள் அங்கே மணலில் முட்டை இடும். அந்த முட்டைகள்தான் பறவைகளுக்கு விருந்து.

சுமார் இரண்டு வாரம்தான் நேரம். அதற்குள் தின்று தின்று, எடையை ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டும். இல்லாவிட்டால் வடகோடி போய்ச் சேர முடியாது. சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்க வலு இருக்காது.

மனிதன் நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். தின்றது வீணாகும்.

ஆகவே மே மாதத்தில் இருந்து ஜூன் தொடக்கம் வரை, அங்கே பல கடற்கரைகளுக்குள் ஆட்கள் நுழையத் தடை உண்டு. இந்தப் பறவை இனத்தின் எண்ணிக்கை குறைந்துவிட்டதால், 2014-ம் ஆண்டில் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

தள்ளி நிற்க வேண்டும். படமும் தெளிவாக வேண்டும். என்ன வழி?

இரண்டு கருவிகள்

வழிகள் இரண்டு உண்டு.

ஒன்று, காமிராவில் நீண்ட லென்சு மாட்டுவது. இதற்கு "டெலிபோட்டோ லென்சு" என்று பெயர்.

மற்றொன்று, பறவை பார்க்கும் டெலஸ்கோப். மூன்று கால் தாங்கியில் நிறுத்திக் கண் வைத்துப் பார்ப்பார்கள். கண் வைக்கும் இடத்தில் காமிராவை வைத்தால் படம் விழும்!

1999-ம் ஆண்டில் மலேசியாவைச் சேர்ந்த லாரன்ஸ் போ என்ற பறவை ரசிகர் இப்படிச் செய்து பார்த்தார். சிறிய டிஜிட்டல் காமிராவை டெலஸ்கோப்பின் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். அருமையான படம் கிடைத்தது! செய்தி பல நாடுகளுக்கும் பரவியது. பிரான்சு நாட்டின் அலேன் போசே என்பவர் இதற்கு "டிஜிஸ்கோப்பிங்" என்று பெயர் சூட்டினார்.

இன்று செல்போனைக் கூட டெலஸ்கோப்பில் மாட்டிவிடலாம். அதற்கென்றே வளையங்கள் விற்கின்றன.

எது அதிகம் எட்டும்?

எட்டுவதில் டெலஸ்கோப்தான் கெட்டி!

30 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப்பில் பார்த்தால், 120 மீட்டர் தூரத்துப் பறவை 4 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். அதன் பின்னால் 50 மில்லிமீட்டர் லென்சு உள்ள காமிராவை வைத்தால், 1,500 மில்லிமீட்டர் லென்சுக்குச் சமம்.

பெரிய டெலிபோட்டோ லென்சு பெரும்பாலும் 600 மில்லிமீட்டர்தான். சாதாரண லென்சைப் போல 12 மடங்கு.

எதில் வெளிச்சம் அதிகம்?

இதில் டெலிபோட்டோ லென்சுக்கே வெற்றி!

பெரிய 600 மில்லிமீட்டர் லென்சின் வாய் 150 மில்லிமீட்டர் அகலம். டெலஸ்கோப்பின் வாய் சுமார் 80 மில்லிமீட்டர்தான். வாய் அகன்ற குடத்தில் மழை நீர் அதிகம் விழும் அல்லவா? வெளிச்சமும் அப்படித்தான்.

டெலஸ்கோப்பில் நுழைவதே குறைந்த வெளிச்சம். அதையும் பெரிதாக்கிப் பரப்பிவிடுகிறோம். ஆகவே மேலே சொன்ன டெலஸ்கோப் படத்துக்கு, லென்சைப் போல சுமார் 20 மடங்கு நேரம் தேவை.

லென்சு ஒரு வினாடியில் 2,000-ல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கும் படத்துக்கு, டெலஸ்கோப்புக்கு 100-ல் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் பறவை சிறகை அசைத்துவிட்டால்? படம் கலங்கிவிடும்!

இன்னொன்றும் உண்டு. இன்றைய காமிராக்கள், லென்சைத் தாமே திருப்பிப் பறவையைத் தெளிவாக்கும். டெலஸ்கோப்பை நாம்தான் கையால் திருக வேண்டும்.

ஆகவே பறக்கும் பறவைக்கு லென்சு. நிற்கும் பறவைக்கு டெலஸ்கோப்.

விலையும் எடையும்

பெரிய 600 மில்லிமீட்டர் லென்சின் விலை பத்து லட்சம் ரூபாய்க்கு மேல்! எடை 3 கிலோ. பழைய லென்சுகள் 5 கிலோவுக்கும் மேல்.

டெலஸ்கோப்பின் எடை சுமார் 2 கிலோவுக்குள். விலையும் மிகக் குறைவு. கண்ணால் பார்க்கவும் உதவும். படம் எடுக்கவும் உதவும். ஒரே கருவியில் இரண்டு வேலை!

படம் நன்றாக விழ

டெலஸ்கோப்பில் படம் எடுப்போர் கவனிக்க வேண்டியவை:

மூன்று கால் தாங்கி உறுதியாக இருக்க வேண்டும். மெல்லிய காற்று அடித்தாலும் படம் ஆடும்.

பட்டனை விரலால் அழுத்தினாலே ஆட்டம்தான். இரண்டு வினாடி கழித்துத் தானே படம் எடுக்கும்படி காமிராவை வைப்பது நல்லது.

படத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம் தெரிந்தால், காமிராவின் ஜூமைச் சற்றுக் கூட்டினால் மறையும்.

உச்சி வெயிலில் தரையில் இருந்து அனல் எழும்பும். பறவை நெளிவது போலத் தோன்றும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்சும் இதை வெல்ல முடியாது! அதிகாலையே ஏற்ற நேரம்.

எண்ணைப் படித்தால் போதும்

தென், வட அமெரிக்காவில் கொடியின் நிறமே நாட்டைச் சொல்லிவிடும். அர்ஜென்டினாவுக்கு ஆரஞ்சு. சிலிக்குச் சிவப்பு. பிரேசிலுக்கு நீலம். கனடாவுக்கு வெள்ளை.

நம் கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வந்திருக்கிறார்கள்.

காலில் வளையமோ கொடியோ உள்ள பறவையைக் கண்டால், தொலைவில் இருந்தே படம் எடுக்க வேண்டும். இடம், தேதி, நிறம், எண் ஆகியவற்றைக் குறித்து அந்தக் கழகத்துக்கு எழுதினால், அது எங்கே வளையம் மாட்டப்பட்டது என்று கண்டுபிடிக்க வழி பிறக்கும்.

படம் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எண் தெரிந்தால் போதும். பறவை பயந்து பறக்காமல் தின்றுகொண்டே இருந்தால், அதுவே எல்லாவற்றிலும் நல்ல படம்!