கொல்லிமலை இறக்கமும் கண்ணுக்குத் தெரியாத பிரேக்கும்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது பைக்கை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்தானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்றைய வண்டிகளில் மிச்சமாகாது. கூடவே, வண்டியின் மிகச் சிறந்த பிரேக்கையும் இழக்கிறோம்.

இரண்டு பேரோடு பைக் 250 கிலோ, இறக்கம் சுமார் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இறங்கி முடிப்பதற்குள் 24.5 லட்சம் ஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பங்கிட்டால் தலைக்கு 35,000 ஜூல். 120 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதாவது, வளைவுக்கு ஒரு டம்ளர் டீ! காற்றும் டயரும் ஒரு பங்கைக் குடித்துவிடும் என்றாலும், மிச்சம் அத்தனையையும் நியூட்ரலில் வருபவர் பிரேக்கின் மேலேயே கொதிக்கவைக்கிறார். டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க் பிரேக்கில், ஈரம் சேர்ந்த பழைய ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் தொளதொளத்துவிடும்.

கியரில் இருந்தால் கதையே வேறு. ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சக்கரம் எஞ்சினைச் சுற்ற, பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கிறது, காற்றோ வருவதில்லை. மேலே அரைகுறை வெற்றிடம், கீழே முழு வளிமண்டல அழுத்தம். அதை எதிர்த்து பிஸ்டனை இழுக்கும் வேலை சக்கரத்தின் தலையில் விழுகிறது, வேகம் குறைகிறது. காற்றை அமுக்குவதுதான் பிரேக் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அமுக்கிய காற்று அடுத்த வீச்சிலேயே விரிந்து பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். உண்மையில் பிடித்து நிறுத்துவது அந்த வெறும் இழுப்பும் உள்ளுறுப்புகளின் உராய்வும்தான். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஓர் இழுப்பு, அதாவது நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் 2,500 இழுப்பு. கியரைக் குறைத்தால் அதே தூரத்துக்கு இழுப்புகள் கூடும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது இதனால்தான்.

பெட்ரோல்? ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலும் இந்த நிலையில் பெட்ரோல் பீய்ச்சுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது ஊற்றியாக வேண்டும்.

எல்லா எஞ்சினும் இப்படிப் பிடித்து நிறுத்துவதில்லை. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. அந்த டூ ஸ்ட்ரோக்கின் சீற்றத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் தனி இழுப்பு வீச்சு இல்லாததால் இறக்கத்தில் அதன் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு. இதை ரசிகர்கள் சொல்வதேயில்லை.

கியரில்லா ஸ்கூட்டரில் வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேகம் நன்றாகக் குறைந்தால் அதன் கிளட்ச் தானே விலகிவிடும். சரியாக வளைவில், எஞ்சின் பிடிப்பு போய்விடும். மின்சார ஸ்கூட்டர் விளம்பரங்கள் இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஆகும் என்கின்றன. ஆகும்தான். அப்போது மோட்டாரே பிரேக்காக வண்டியைப் பிடிக்கவும் செய்யும். ஆனால் மலை உச்சியிலேயே முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமிருக்காது. முதல் சில வளைவுகளில் அந்தப் பிடிப்பை நம்பக் கூடாது.