மோட்டார் சைக்கிள் பிரேக்கும் தூசியும்

கோலார் தங்க வயலுக்குச் செல்வோரின் கண்ணை முதலில் ஈர்ப்பவை அங்குள்ள வெளிறிய மேடுகளே. 1880-ஆம் ஆண்டு முதல் 2001 பிப்ரவரி 28 வரை நடைபெற்ற சுரங்கத் தொழிலில், பாறையை மாவாக அரைத்துப் பொன்னைப் பிரித்த பின் எஞ்சிய கழிவு இது. சயனைடு மேடுகள் எனப்படும் இவற்றின் நுண்தூள், காற்று மிகுந்த மாதங்களில் ஊரெங்கும் பறக்கிறது. இத்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது என்பது நன்கு தெரிந்ததே. கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் பிரேக்கையும் அது கெடுக்கக்கூடும் என்பதைச் சிலரே எண்ணுகின்றனர்.

பல வண்டிகளில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருப்பினும், பின் சக்கரத்தில் டிரம் பிரேக்கே மிகுதி. மிதியை அழுத்தியதும் கேம் என்னும் சிறு உறுப்பு திரும்பி, இரண்டு பிரேக் ஷூக்களை விரிக்கிறது. அவற்றின் மேலுள்ள லைனிங் டிரம்மின் உட்புறத்தில் உராய்கிறது. ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஓட்டுபவருடன் 200 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுள்ள ஆற்றல் சுமார் 12,000 ஜூல். 60 கிலோமீட்டரில் அது சுமார் 28,000 ஜூல். சைக்கிளின் பிரேக் கட்டையை, சுழலும் சக்கர விளிம்பில் சற்று நேரம் அழுத்திய பின் தொட்டுப் பார்க்கச் செய்து, இவ்வெப்பத்தை ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்தலாம்.

பாறைத் தூளில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ், வார்ப்பிரும்பை விடக் கடினமானது. டிரம்முக்குள் புகுந்த தூள் லைனிங்கையும் டிரம்மையும் ஒருங்கே தேய்க்கிறது. தேய்மானத்தால் மிதி கீழே இறங்கும்போது, பலர் சரிசெய்யும் நட்டை முறுக்கிவிட்டுத் திருப்தியடைகின்றனர். நட்டு, மிதியின் வெற்று அசைவைக் குறைக்குமேயன்றித் தேய்ந்த லைனிங்கை மீட்டுத் தராது. குறையை அது மறைக்கிறது. இறுதியில் கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சிக்கிக்கொள்ளவும் கூடும். ஆகவே நட்டை முறுக்குமுன் கேமின் அருகிலுள்ள தேய்மானக் குறியைப் பார்த்தல் வேண்டும். பிரேக்கை முழுவதும் அழுத்திய நிலையில் முள் அக்குறியின் எல்லையை அடைந்தால், ஷூக்களை மாற்றுவதே முறை.

பிற குறைகளைப் பின்வரும் அடையாளங்களால் அறியலாம்:

1. கீச்சென்ற ஒலி: தூசி சேர்ந்தது, அல்லது லைனிங் பளபளப்பாகிவிட்டது. இரும்பு உராயும் கரகரப்பு எழுந்தால் வண்டியை ஓட்டலாகாது.

2. மிதி காலடியில் துடித்தல்: டிரம் வட்டம் பிசகியுள்ளது.

3. மிதி உறுதியாக இருந்தும் பிடிப்பின்மை: எண்ணெயோ கிரீஸோ கசிந்திருக்கலாம். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயனில்லை.

4. ஓடியபின் டிரம் கடுஞ்சூடாதல்: ஷூ விடுபடவில்லை, வறண்ட கேம், தளர்ந்த ஸ்பிரிங், மிகையாக முறுக்கிய நட்டு ஆகியவை காரணமாகலாம்.

5. நீரில் சென்றபின் பிடிப்புக் குறைதல்: மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தினால் ஈரம் உலரும்.

தூசி மிகுந்த இடங்களில் டிரம்மை அடிக்கடி திறந்து துடைப்பது அவசியம். தூளை வாயினாலோ காற்றுக் குழாயினாலோ ஊதுதல் கூடாது. பாறைத் தூளோடு பழைய லைனிங்கின் அஸ்பெஸ்டாஸ் இழைகளும் மூச்சில் கலக்கக்கூடும். ஈரத் துணியே தகுந்தது. கேமுக்குச் சிறிதளவு கிரீஸ் போதும். லைனிங்கில் ஒரு துளியும் படலாகாது. மிதியின் வெற்று அசைவு பெரும்பாலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை இருக்கும். அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. பின்னர்ச் சக்கரத்தைத் தரையினின்று உயர்த்திச் சுழற்றினால், அது தடையின்றிச் சுழல வேண்டும். வேலை முடிந்ததும், வாகனப் போக்குவரத்து இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்லுதல் நன்று.