தன் ஓட்டு வங்கியிடமே துப்பாக்கியைக் கேட்டவர்: டிம் ஃபிஷர்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க கிட்டயே போய், "வீட்ல இருக்கிற துப்பாக்கியைக் கொடுங்க"ன்னு சொல்ற தைரியம் உங்களுக்கு இருக்குமா? ஆஸ்திரேலியாவில் ஒருத்தர் அதைச் செஞ்சார். பேரு டிம் ஃபிஷர்.

முதல்ல ஆளைப் பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். 1946-ல் பிறந்தவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் போரி கிரீக் என்கிற குட்டி ஊர்க்காரர், விவசாயக் குடும்பம். வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்தார். 1971-ல் மாநில சட்டமன்றம், 1984-ல் ஃபாரர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம், 1990-ல் நேஷனல் கட்சித் தலைவர். தலையில் எப்பவும் ஒரு அகுப்ரா தொப்பி இருக்கும். ரயில்னா உயிர்.

இந்த நேஷனல் கட்சியைப் புரிஞ்சுக்கணும். இது கிராமத்து விவசாயிகளோட கட்சி. அப்போ நகரத்தில் பலமா இருந்த லிபரல் கட்சியோட கூட்டணி வச்சுத்தான் ஆட்சிக்கு வரும். 1996 மார்ச்சில் அப்படித்தான் ஜெயிச்சாங்க. ஜான் ஹோவர்ட் பிரதமர், ஃபிஷர் துணைப் பிரதமர், கூடவே வர்த்தக அமைச்சர்.

ரெண்டு மாசம்கூட ஆகலை. ஏப்ரல் 28, டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர். ஒரே ஆள் சுட்டதில் 35 பேர் செத்துப்போனாங்க. 12 நாளில், மே 10-ம் தேதி, மத்திய அரசும் மாநிலங்களும் புதுத் துப்பாக்கி விதிகளுக்கு ஒப்புக்கிட்டாங்க. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களுக்கும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களுக்கும் கடுமையான தடை. எல்லாத் துப்பாக்கிக்கும் பதிவு கட்டாயம். தடை செஞ்சதை அரசே காசு கொடுத்து வாங்கிக்கும். அந்தப் பணத்துக்காக மெடிகேர் வரியை ஒரு வருஷத்துக்கு 0.2 சதவீதம் ஏத்தினாங்க.

இங்கதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலங்களோட கையில் இருக்கு. எல்லா மாநிலமும் சம்மதிச்சாத்தான் வேலை நடக்கும். குயின்ஸ்லாந்தில் அப்போ முதல்வரே நேஷனல் கட்சிக்காரர், ராப் போர்பிட்ஜ். ஃபிஷர் பின்வாங்கியிருந்தா மொத்தத் திட்டமும் ஆட்டம் கண்டிருக்கும்.

நகரத்து ஆளுக்கு இந்தச் சட்டத்தால பெரிசா எந்த நஷ்டமும் இல்லை. ஆனா கிராமத்தில் நரி, முயல், காட்டுப்பன்றித் தொல்லைக்குத் துப்பாக்கி ஒரு வேலைக் கருவி. எவனோ செஞ்ச தப்புக்கு எங்களை ஏன் தண்டிக்கறீங்கன்னு அவங்க கேட்டாங்க. அந்தக் கோபத்தை முட்டாள்தனம்னு நான் ஒதுக்க மாட்டேன். ஃபிஷரும் ஒதுக்கலை. ஊர் ஊராப் போய்க் கூட்டங்களில் நின்னு பேசினார், திட்டு வாங்கினார். அவரோட உருவபொம்மையைத் தூக்கில் தொங்க விட்டாங்க. விக்டோரியாவில் ஒரு கூட்டத்துக்கு ஹோவர்ட் குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கிட்டுப் போனார்னா சூடு எவ்வளவுன்னு பாருங்க.

கடைசியில் 6 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1998-ல் குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் பாலின் ஹேன்சனோட ஒன் நேஷன் கட்சி 11 இடம் பிடிச்சது, போர்பிட்ஜ் ஆட்சி போச்சு. அதே வருஷம் நாடாளுமன்றத் தேர்தலில் ஒன் நேஷன் 8 சதவீதத்துக்கு மேல வாங்க, நேஷனல் கட்சிக்கு 5 சதவீதம் சொச்சம்தான். துப்பாக்கி மட்டும் காரணம் இல்லை. ஆனா அதுவும் ஒரு பெரிய காரணம்.

1999-ல் பதவியை விட்டார். தோத்துப்போய் இல்லை. குடும்பத்தோட இருக்கணும், முக்கியமா ஆட்டிசம் இருக்கிற மகனோட இருக்கணும்னு. 2008-ல் எதிர்க்கட்சியான லேபர் அரசே அவரை வாடிகனுக்குத் தூதரா நியமிச்சது.

2019 ஆகஸ்டில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். வியட்நாமில் பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனம்தான் தன் உடம்பைக் கெடுத்திருக்கும்னு அவர் நம்பினார். அவரோட உடலை ஆல்பரிக்குக் கொண்டுபோனது ஒரு பழைய ரயில்.

எதிர்க்கட்சியை எதிர்த்துப் பேசறது அரசியல்வாதிக்குத் தினசரி வேலை. ஆனா தனக்கு ஓட்டுப் போட்டவங்க முன்னாடி நின்னு, "இதில் உங்களுக்கு நஷ்டம்தான், ஆனாலும் செய்யணும்"னு சொல்றது வேற. அப்படிச் சொன்ன ஒருத்தரை உங்களுக்குத் தெரியுமா? யோசிச்சு வைங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.